முன்சீட்டு

சிங்கப்பூர்
12.5.1984

செல்லியோட அப்பாவுக்கு,

நம்ம செல்லிக்கு ஆண்குழந்தை பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.

ஏரோப்பிளேன்ல இடுப்புக்குப் போடுற பெல்ட்டு எனக்கு எட்டலை. இன்னா பண்றதுன்னே தெரியலை. "உடம்பை மூடிக்கோ"ன்னு நீங்க வாங்கிக் குடுத்த ஸ்வெட்டருக்குள்ள வேர்த்து ஊத்திச்சு. புதூர்நாட்டு ஜீப்பு ஓட்டுற சடையன், என் உடம்புக்கு எடம் பத்தாதுன்னு முன்சீட்டுலேருந்து எழுப்பி, புளிமூட்டைங்களோட பின்னால ஏத்தினானே, அதுமாதிரி ஏரோப்பிளேன்லயும் எழுப்பிடுவாங்கன்னு பயந்தேன். அன்னிக்கு யார் யார் சிரிச்சாங்கன்னு இப்ப எழுதலை.

அங்க வேலை செய்ற பொண்ணு சிரிக்கலை. ஒரு பெட்டியைத் தெறந்து இன்னொரு பெல்ட்டை எடுத்தாந்து, இதோட சேத்து மாட்டி விட்டுட்டுப் போச்சு. பெட்டியில அதேமாதிரி இன்னும் அஞ்சாறு கெடந்துச்சு. அப்ப நான் ஒருத்தி மட்டும் இல்ல! ஸ்வெட்டரை அப்பவே கழட்டிட்டேன். இங்க கடைத்தெரு, கடற்கரை எல்லாம் வெறும் புடவையோடதான் சுத்துறேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கலை.

ஸ்வெட்டரை உங்களுக்கு எடுத்தாறேன். மலைக் குளிருக்கு ஆகும்.

அடுத்த மாசம் பத்தாம் தேதி திருப்பத்தூர் வந்துடுவேன். ஜீப்பு முன்சீட்டுல உங்க துண்டைப் போட்டு எனக்கு எடம் புடிச்சி வைங்க. நீங்க வேணும்னா பின்னால மூட்டைங்களோட வாங்க.

இப்படிக்கு,
உங்க வூட்டுக்காரி