சிவப்பு ரப்பர் குழாய்

என் அருமை அண்ணா,

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. நம் பஸ் மறுபடியும் ஓடப் போகிறது. நாளை சனிக்கிழமை, மாசி மகம். வில்லியனூரிலிருந்து கடலுக்குத் தீர்த்தவாரி பார்க்கப் போகிறவர்கள் விடிந்ததும் நம் வாசலில் வந்து நிற்பார்கள். ஓட்டப் போகிறவர் என் வீட்டுக்காரர். நீ உட்கார்ந்த அதே இடத்தில்.

நல்ல சேதிதானே, இவள் ஏன் பயந்து பயந்து எழுதுகிறாள் என்று கேட்பாய். பஸ் நிற்கும் கொட்டகையிலிருந்து பெட்ரோல் வாடை வருகிறது, அண்ணா. வெள்ளிக்கிழமை என்றும் பாராமல் சாமி விளக்கை மத்தியானமே மலையேற்றிவிட்டேன்.

ஐப்பசியில் அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? மதகடிப்பட்டில் வண்டி நின்றுபோய், வேர்த்து விறுவிறுத்து வந்தாய். டாங்கியிலிருந்து வரும் செப்புக் குழாய்க்கும் என்ஜினுக்கும் நடுவில், ஆட்டம் தாங்குவதற்காக இருந்த ரப்பர் வெடித்துவிட்டது என்றாய். "உன் பெட்டியில எதுனா இருக்குதா பாரும்மா. நீதான் எதையும் தூக்கிப் போட மாட்டியே" என்று சிரித்தாய்.

பாட்டரிக்குத் தண்ணீர் விட வாங்கிய சிவப்புக் குழாய் இருந்தது. அதை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரிப் பொருந்தியதாம். எப்போதும் போல பெட்டிச் சாமான் கணக்கு நோட்டிலும் எழுதிவைத்தேன்: "வெள்ளி. சிவப்புக் குழாய் ஒரு சாண், அண்ணனிடம்." அதற்கு அடுத்த வரி ஞாயிறு. அதில் உன் பெயர் மட்டும் இருக்கிறது. வேறு எழுதக் கை வரவில்லை.

அந்த ஞாயிறு காலையிலும் வண்டிக்குக் கற்பூரம் காட்டியவள் நான். வாடை அடித்தது. பஸ் என்றால் பெட்ரோல் வாடை இருக்கத்தானே செய்யும் என்று இருந்துவிட்டேன். சொட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி நெருப்பைச் சுற்றியிருக்கிறேன், அண்ணா. அம்மன் என் கையில் பற்றவிடவில்லை. வழியில், கொதித்துக் கிடந்த புகைக்குழாயில் பட்டுப் பற்றியது. அத்தனை பேரையும் இறக்கிவிட்ட பிறகு, நெருப்பை அணைக்கும் மணல் வாளிக்காக ஏன் திரும்ப ஏறினாய்?

கண்திருஷ்டி என்றார்கள் ஊரில். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இரண்டே நாள் முன்பு மாற்றிய குழாய் எப்படிக் கசியும்? யாரும் இதைக் கேட்கவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் மீதிக் குழாயில் ஒரு துண்டு வெட்டி, ஒரு புட்டியில் பெட்ரோல் ஊற்றிப் போட்டு, இறுக மூடித் தோட்டத்து மதில்மேல் வைத்தேன்.

அடுத்த நாள் அது ரத்தம் குடித்த அட்டை மாதிரி உப்பியிருந்தது. மூன்றாம் நாள் விரலில் நசுக்கினேன், பிய்ந்து வந்தது. பக்கத்துப் புட்டியில் இன்னொரு துண்டும் போட்டிருந்தேன். யாரோ ஒரு துரையின் காரிலிருந்து கழற்றியது, மேலே துணி சுற்றிய கருப்புக் குழாய், இரண்டு விரல் நீளம். அது இன்றுவரை அப்படியே இருக்கிறது. பெட்ரோலுக்கென்றே செய்தது அது. தண்ணீருக்குச் செய்த ரப்பர் பெட்ரோலைத் தாங்காது, எவ்வளவு நன்றாகப் பொருந்தினாலும். இவ்வளவுதான் விஷயம். இவ்வளவுதானா, அண்ணா?

அந்தத் துணிக் குழாய் வேண்டுமென்று டவுனில் சொல்லிவைத்திருக்கிறோம். செவ்வாய்க்கிழமைதான் வருமாம். மகம் நாளைக்கு. அதனால் வண்டியைப் பழுதுபார்க்கும் மரியதாஸ் மேஸ்திரி, நேற்று வியாழக்கிழமை, ஒரு புதுச் சிவப்புக் குழாயையே மாட்டிவிட்டார்.

"இன்னா மேஸ்திரி, இதையா மாட்டினீங்க?" என்றேன்.

"எல்லாம் ஒரே மரத்துப் பாலு, அக்கா. டயரும் ரப்பரு, டியூபும் ரப்பரு, இதுவும் ரப்பரு."

"அப்ப அந்த டயர பெட்ரோல்ல ஊறப்போட்டு ஓட்டுங்க, பாக்கலாம்."

மேஸ்திரி குனிந்து பையைக் கட்டத் தொடங்கினார். என் வீட்டுக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. "சாமிக்குப் பால் வெக்கிற மாரி ரப்பருக்குப் பெட்ரோல் வெச்சிக்கினு இருக்கா இவ! நாலு மாசமா வண்டி முடங்கிக் கெடக்குது. நாளைக்கு ஒரு நாளு தாங்காதாடி?"

"எங்க அண்ணனுக்கு எத்தினி நாள் தாங்குச்சி?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தெருவில் இறங்கும்போது மட்டும் சொன்னார்: "நீ கற்பூரம் ஏத்தலன்னா எங்க அம்மா ஏத்துவாங்க."

உனக்கு வெள்ளி, சனி, ஞாயிறு. அவருக்கு வியாழன், வெள்ளி, சனி. எப்படி எண்ணினாலும் நாளைதான் மூன்றாம் நாள்.

சற்று முன் கொட்டகைக்குப் போய்த் தொட்டுப் பார்த்தேன். கம்பி கட்டிய இடத்துக்கு இரண்டு பக்கமும் குழாய் பிதுங்கிக்கொண்டிருக்கிறது. விரல் ஈரமாக வந்தது. அறுத்து எறிந்துவிடலாம். மேஸ்திரி பையில் இன்னும் இரண்டு முழம் இருக்கிறதே, என்ன செய்வேன்? அதை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள்.

ஆகையால் வேறு தீர்மானம் செய்திருக்கிறேன். நாளை விடிந்ததும் பஸ் படியருகில் நான் நிற்பேன். யாரும் வண்டிக்கு ஏற்ற முடியாதபடி, வீட்டில் இருக்கும் கற்பூரம் முழுவதையும் முந்தானையில் முடிந்துவைத்திருப்பேன். ஏற வருகிறவர் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் அந்தப் பிய்ந்த துண்டை வைத்து, "நசுக்கிப் பாருங்க, இதுதான் உள்ள மாட்டியிருக்குது" என்று சொல்வேன். கட்டின புருஷனை ஊர் நடுவே அவமானப்படுத்தியவள் என்பார்கள். அவர் எத்தனை நாள் என்னோடு பேசாமல் இருப்பாரோ, தெரியாது. என்னைத் தள்ளிவிட்டு வண்டியை எடுத்தாலும் எடுப்பார்.

நோட்டில் நாளைய வரியைப் பாதி எழுதிவிட்டேன்: "சனி. சிவப்புக் குழாய் ஒரு சாண்." அந்தக் குழாய் கழன்றதும் மீதியை எழுதுவேன். அதற்குக் கீழே, உன் பெயரைப் போல, இன்னொரு பெயரை எழுத மாட்டேன், அண்ணா. இது நம் அம்மன் சாட்சியாக உனக்குக் கொடுக்கும் வாக்கு.

அந்தக் குழாயைத் தன் கையால் உனக்கு எடுத்துக் கொடுத்த,
உன் தங்கச்சி.