ஆறுமுகமும் தேன்மொழியும் ஒரே ஆள்

12-6-2007, செவ்வாய்
காலையிலேயே வெயில். என் மகள் செய்த ஆராய்ச்சியை அவளிடமிருந்து பிடுங்கி என் தலையில் கட்டியிருக்கிறார்கள். இதைவிடப் பெரிய அநியாயம் நான் பார்த்ததில்லை.

தேன்மொழி போனில் சொன்னது: சென்னையில் அவள் பொறுப்பில் ஒரு ரத்தப் புற்றுநோய் ஆய்வுக்கூடம் தருவதாக இருந்தார்கள். தேர்வுக் குழு கட்டுரைகளை எண்ணிவிட்டு, பாதிதான் இவளுடையது என்றதாம். மீதி 'ஆறுமுகம் டி.' என்ற வேறு டாக்டர் எழுதியதாம்.

எந்த டாக்டர்? செராமிக் தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் சூளை பார்த்த, ஏழாம் வகுப்பு ஆறுமுகம்.

வெளிநாடு போகும்போது பாஸ்போர்ட்டுக்குக் குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு ஏது அது. என் பெயரை எழுதினாள். அங்கே ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்கள் அதையே முழுதாகப் போட்டு, அவள் பெயரை ஒற்றை எழுத்தாக்கிவிட்டார்கள்.

சரோஜாவிடம் சொன்னேன். "பெத்தது நானு. எம் பேரு எங்கியும் இல்ல. நீங்க எதுக்குக் குதிக்கிறீங்க?"

துவரம்பருப்பு அரை கிலோ. கண்ணாடிக்குத் திருகு.

13-6, புதன்
பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்வியின் பிரவுசிங் சென்டர். தேன்மொழி வெளிநாட்டில் எழுதிய முக்கியமான கட்டுரையைப் பிரிண்ட் எடுத்தேன். அகராதியோடு மாலைவரை படித்தேன். புரிந்தவரை: மருந்துக்குப் பிறகு நோயாளி குணமானதுபோல் இருப்பார். எலும்பு மஜ்ஜைக்குள் சில கெட்ட செல்கள் ஒளிந்திருக்கும். அவற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்க இவள் ஒரு வழி சொல்கிறாள், சின்ன ஆஸ்பத்திரியில் இருக்கும் கருவியை வைத்தே.

பிரேசில், எகிப்து டாக்டர்கள்கூட இதைப் பின்பற்றி எழுதியிருக்கிறார்கள். இவள் கட்டுரையைக் குறிப்பிடும் இடமெல்லாம் 'ஆறுமுகம் மற்றும் பலர்'.

"பெரியப்பா, ஒலகம் பூரா ஒங்க பேருதான் ஓடுது. டீ வாங்கித் தாங்க" என்றாள் செல்வி.
"எம் பொண்ணு பேரு எங்கம்மா ஓடுது?"
திரையில் விரல் வைத்துக் காட்டினாள். என் பெயருக்குப் பின்னால் ஒரு 'டி'.
டீ வாங்கித் தந்தேன்.

14-6, வியாழன்
வி.ஏ.ஓ. அலுவலகம். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று தாசில்தார் சான்று தந்தால் குழு ஒத்துக்கொள்ளும். 25ஆம் தேதிக்குள். முதல் கையெழுத்து வி.ஏ.ஓ. போட வேண்டும்.

மனுவைப் படித்தார். என்னைப் பார்த்தார்.
"ஆறுமுகம் நீங்கதானே?"
"ஆமாங்க."
"தேன்மொழி?"
"எம் பொண்ணு."
"நீங்களும் ஒங்க பொண்ணும் ஒரே ஆளுன்னு நான் எழுதித் தரணுமா? வேலை போயிடுங்க."

ரத்தத்தில் தொடங்கி ஒரு மணி நேரம் விளக்கினேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.
"வூட்டுக்குப் போங்க பெரியவரே. பாஸ்போர்ட்டோட பொண்ணை இட்டாந்தா திங்கக்கிழமை போட்டுத் தரேன்."
"எழுதித் தாங்க."
மனுவின் ஓரத்தில் எழுதியே கொடுத்தார்.

15-6, வெள்ளி
மேகம். மழை இல்லை. முழங்கால் வலி.
தேன்மொழிக்குப் போன். திட்டினேன். பெயர் விஷயத்தை முதலிலேயே கவனிக்க வேண்டாமா.
"கவனிச்சேன்ப்பா. மாத்தித் தரவான்னு அவங்களே கேட்டாங்க. நான்தான் இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."
"ஏன்?"
"அங்க எனக்கு யாரையும் தெரியாது. 'டாக்டர் ஆறுமுகம்'னு கூப்புடுவாங்க. நீங்களும் கூட இருக்கிற மாதிரி இருக்கும். அதான்."

லைன் போய்விட்டதென்று அலோ அலோ என்றாள். சரோஜா போனை வாங்கி, சாப்பிட்டாளா என்று கேட்டாள்.

பாசம் வேறு. தப்பு வேறு. ராத்திரி பகல் பார்க்காமல் கண்ணாடித் தகடுகளில் செல் எண்ணியது அவள்.

17-6, ஞாயிறு
நாளைக் காலை தேன்மொழி சென்னையிலிருந்து வருகிறாள்.

தேன்மொழி: பாஸ்போர்ட், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், இரண்டு பெயரிலும் வந்த கட்டுரைகள். ஒன்று விட்டாலும் திரும்பிப் போய் எடுத்துவர வேண்டும்.
சரோஜா: கத்தரிக்காய்க் காரக்குழம்பு. இளைத்துவிட்டாய் என்று ஆரம்பிக்கக் கூடாது.
வி.ஏ.ஓ.: பத்து மணிக்குக் கையெழுத்து.
தாசில்தார்: வெள்ளிக்குள் முத்திரை.
நான்: முத்திரை விழும்வரை தாலுகா ஆபீஸை விட்டு நகரக் கூடாது.
செல்வி: பெயரைத் திருத்தச் சொல்லி அந்த ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு நான் எழுதிய ஆங்கிலக் கடிதத்தை டைப் அடிக்க வேண்டும். பிழை இருந்தால் சொல்லலாம், கருத்தை மாற்றக் கூடாது.
தேன்மொழி, மறுபடி: அடுத்த கட்டுரையிலிருந்து அவள் பெயர் முழுதாக. எனக்கு ஓர் எழுத்து போதும்.