ஒரு கட்டுச் செம்புக்கம்பி

பதுளை
4-3-1973

என் இராக்கம்மாவுக்கு ஜெமீலா எழுதிக்கொள்வது. நான் சுகம். பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்து பறிக்கப் போனதும் என்னை மறந்துவிட்டாயா, எருமை!

சேதி கேள். இங்கே மாதர் சங்கத்தில் பெண்களுக்கு மோட்டார், ரேடியோ திருத்தும் வகுப்புத் தொடங்குகிறார்கள். எட்டுப் பேருக்குத்தான் இடம். நானும் கேட்டிருக்கிறேன், நீயும் வா. சொந்தக் கையால் ஏதாவது செய்து கொண்டுபோய்க் காட்ட வேண்டுமாம். வாப்பாவின் ரிப்பேர் கடையிலிருந்து ஒரு கட்டுச் செம்புக்கம்பியும் காந்தமும் அனுப்புகிறேன். அவரிடம் கேட்கவில்லை, நீயும் வாய் திறக்காதே. முப்பது சுற்றுச் சுற்றி, இரண்டு ஊக்கில் நிறுத்தி, அடியில் காந்தத்தை வைத்து, டோர்ச் பெட்டரியில் இணை. கம்பி முனையில் வார்னிசை ஒரு பக்கம் மட்டும் சுரண்டு. முழுக்கச் சுரண்டினால் மோட்டார் சுற்றாது.

உன் ஜெமீலா

மேல்பிரிவு லயம், ஹாலிஎல
25-3-1973

அன்புள்ள ஜெமீலாவுக்கு,

சுற்றிவிட்டதடி! மூன்று நாள் அசையவே இல்லை. அவசரக்குடுக்கை நான், முழுக்கச் சுரண்டியிருந்தேன். அப்புறம் அப்பா தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் கத்தியால் புதுமுனை சுரண்டினேன். லயமே வாசலில் கூடிவிட்டது. அம்மா, "பொட்டப்புள்ளைக்கு என்னாத்துக்கு இந்த வேல?" என்றாள். அப்பாதான், "கூடை சொமந்தது போதும். அந்த வகுப்புக்குப் போ தாயி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இராக்கம்மா

ஹாலிஎல
2-4-1973

ஜெமீலா, அவசரம்.

தேயிலைப் பெக்டரி மோட்டாருக்கு வைத்திருந்த செம்புக்கம்பியைக் காணோமாம். லயத்துக்கு வந்து என் மோட்டாரையும் மிச்சக் கம்பியையும் எடுத்துப் போய்விட்டார்கள். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில், எல்லாரும் பார்க்க, "கடையில வாங்குனியா? பில்லுத் துண்டு எங்கடி?" என்று கணக்கப்பிள்ளை கேட்டார். உனக்குக் கொடுத்த வாக்குக்காகப் பேசாமல் நின்றேன். அப்பாவுக்கு வேலை நிறுத்திவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. அது எங்கள் கடைக் கம்பிதான் என்று உன் வாப்பா ஒரு வரி எழுதித் தந்தால் போதும். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

இராக்கம்மா

பதுளை
4-4-1973

இராக்கு,

உன் கடிதம் பார்த்து அழுதேன். வாப்பாவிடம் இரண்டு தரம் போய் நின்றேன். சொல்ல வாய் வரவில்லை. தெரிந்தால் கொன்றுபோடுவார். வகுப்புக்கும் விடமாட்டார். நேற்றுத்தான் எனக்கு இடம் கிடைத்தது. ரோட்டோரம் கண்டெடுத்தேன் என்று சொல்லிவிடேன். சின்னப் பிள்ளை என்று விட்டுவிடுவார்கள். கோபிக்காதே.

ஜெமீலா

ஹாலிஎல ஸ்டேஷன்
9-2-1974

ஜெமீலாவுக்கு,

நீ சொன்னபடியே, கண்டெடுத்தேன் என்றேன். சிரித்தார்கள். ஆபீஸ் வாசலில் வைத்து என் மோட்டாரை என் கையாலேயே அவிழ்க்கச் சொன்னார்கள். முப்பது சுற்றையும் அவிழ்த்தேன். அப்பா பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்கே தோட்டத்துக் கணக்கில் அவர் பேரை வெட்டிவிட்டார்கள். லயத்தில் குடியிருந்த காம்பராவும் போயிற்று. பத்து மாதம் சித்தப்பா வீட்டில் ஒண்டிக் கிடந்தோம். இத்தனை வருடம் தள்ளிப்போட்ட, இந்தியாவுக்கே போய்விடும் பத்திரத்தில் அப்பா கைநாட்டு வைத்துவிட்டார். அவர் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. ரயில் வரப்போகிறது.

கடைசிவரை உன் பெயரை நான் சொல்லவில்லை.

காந்தம் அவர்கள் கண்ணில் படவில்லை. இத்துடன் அனுப்புகிறேன். வாப்பா தேடுவதற்குள் இருந்த இடத்தில் வைத்துவிடு. பதில் போடாதே. போட எனக்கு விலாசம் இல்லை.

இராக்கம்மா