ஒரு கையால் விரியாத வலை

ஞாயிறு, இரவு

உடம்பெல்லாம் வலிக்கிறது, தூக்கம்தான் வரவில்லை. தூண்டிலில் மாட்டிய பெரிய கட்லா மீன், கரைக்கு இழுக்கும்போது இரண்டு முறை நழுவிவிட்டது. அதை நீரிலேயே அள்ள பிடி வைத்து, மடித்து விரிக்கும் ஒரு மடக்கு வலை வாங்கும் பொறுப்பை நைனா என்னிடம் விட்டார். என்னை நம்பி அவர் விட்ட முதல் வேலை அது. நாயுடுபேட்டைக் கடையில் இரண்டு கையாலும் அதைப் படாரென்று விரித்து, கடைக்காரர் தலையில் கவிழ்ப்பது போலக் காட்டி, அவரைச் சிரிக்க வைத்து வாங்கி வந்தேன்.

இன்று ஆற்றில் இடுப்பளவு நீர். வழுக்காமல் இருக்க ஒரு கையால் நைனாவின் தோளைப் பிடித்திருந்தேன். நைனாவின் தூண்டிலில் மாட்டிய மீன் பக்கத்தில் வந்தது. மீதியிருந்த ஒரு கைக்கு வலை விரியவே இல்லை.

"தொறடா! வெளையாடிக்கினு கீறியா?"

"இல்ல நைனா, மெய்யாலுமே தொறக்கல!"

"உன் நாடகத்த வூட்ல வச்சிக்கோ!"

தூண்டில் நரம்பு அறுந்தது. கட்லா கட் அடித்துவிட்டது.

ஆற்றில் நிற்பவனுக்கு ஒரு கைதான் மிச்சம் என்று கடையில் எனக்குத் தோன்றவில்லை. தப்பு என்னுடையதுதான், ஆனால் அது விளையாட்டில்லை. காலையில் அவரிடம் சொல்ல வேண்டும். சிரிக்காமல் சொல்ல வேண்டும்.