மாலை போட்ட படம்

அண்ணா,

இன்று காலை கள்ளக்குறிச்சியில் பல் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து நிமிர்ந்தால், எதிரே டிவியில் நீங்கள் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் நடித்த அந்த சீரியலைத் திரும்பப் போடுகிறார்கள். அதே வெள்ளைச் சட்டை, அதே பிளாஸ்டிக் சந்தன மாலை. உங்கள் மகளாக நடித்த பெண் படத்துக்குக் கீழே நின்று அழுதுகொண்டிருந்தாள்.

பக்கத்தில் இருந்த அம்மாள் தன் மகளிடம் சொன்னாள்: "இந்தாளு எப்பப் பாரு போட்டோவுலயேதான் கீறாரு. வேற வேஷமே வராது போல."

பல்வலி மட்டும் இல்லாவிட்டால் அவளைச் சும்மா விட்டிருக்க மாட்டேன். உங்களுக்கா வேஷம் வராது?

கல்வராயன் மலையில் திருவிழாவுக்கு நாம் நாடகம் போட்டது நினைவிருக்கிறதா? முதல் பாதியில் நீங்கள் குடிகாரப் புருஷன். பின்பாதியில் நீங்களே மருத்துவச்சி. கூடப்பிறக்காத தங்கச்சி நான், மேடையில் உங்கள் பெண்டாட்டி. என்னை அடித்ததும் நீங்கள், எனக்குப் பிரசவம் பார்த்ததும் நீங்கள். நாடகம் முடிந்து தேங்காய் எண்ணெய் போட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் சாமைச் சோற்றுத் தூக்கோடு திரைக்குப் பின்னால் வந்தாள்.

"அந்த மருத்துவச்சி எங்க கீறாங்கம்மா? பாவம், பொழுதுக்கும் ஒரு வாய் துண்ணாம ஓடிக்கினே இருந்தாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் சிரிக்கவில்லை. கழற்றிப் போட்ட புடவையை லுங்கிக்கு மேலேயே சுற்றிக்கொண்டு, முக்காடு போட்டு, இடுப்பைப் பிடித்தபடி வந்து உட்கார்ந்தீர்கள். அந்தக் குரலிலேயே அவளை விசாரித்து, ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தீர்கள். அவள் போனபின் நான் கேலி செய்ததற்கு, "சோறு மருத்துவச்சிக்கு வந்தது தங்கச்சி. நான் துண்ணா அது திருட்டு" என்றீர்கள்.

பிறகு சினிமா. உளுந்தூர்பேட்டைக்குப் போய் மெட்ராஸ் பஸ் பிடிப்பீர்கள். கான்ஸ்டபிள், பூசாரி, வில்லனின் மாமனார், கோர்ட் டவாலி என்று எல்லாம் இரண்டு சீன், மூன்று சீன் வேஷங்கள். ஒருவர் நடை இன்னொருவருக்கு வராது. படம் பார்த்துவிட்டு வந்தவர்களே உங்களை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போவார்கள். உங்களுக்கு அதில் அவ்வளவு பெருமை.

கடைசியில் அந்த சீரியல் வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. அதில் நீங்கள் பாசக்கார அப்பா. சில வாரங்களிலேயே சாகடித்துப் படமாக மாட்டிவிட்டார்கள். சீரியல் வருஷக்கணக்கில் ஓடியது. கதாநாயகிக்குக் கஷ்டம் வந்தால் உங்கள் படத்தின் முன்னால்தான் வந்து நிற்பாள். ஊரே உங்கள் முகத்தை அப்போதுதான் மனப்பாடம் செய்தது. அதன்பிறகு வேறு கம்பெனிகளும் கூப்பிட்டன, எல்லாம் செத்துப்போன அப்பா வேஷத்துக்குத்தான். "ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கறோம் சார்" என்பார்களாம். உயிரோடு ஒரு வேஷம் கேட்டதற்கு, "ஜனங்க ஒங்கள செத்தவராவே பாத்துப் பழகிட்டாங்க சார், கொழம்பிடுவாங்க" என்று பதில்.

ஒருநாள் சங்கராபுரம் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். நடத்துநர் உங்களைப் பார்த்து, செத்தவர் படத்தைக் கும்பிடுவதுபோல் கைகூப்பிவிட்டுச் சிரித்தார். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

"அந்தக் கண்ணாடிக்குள்ள மூச்சு முட்டுது தங்கச்சி. கையில்ல, காலில்ல, கொரலில்ல. தொங்கிக்கினு கெடக்கறேன். நான் நெசமாவே செத்தா அந்தப் படத்த மட்டும் மாட்ட வுட்டுடாத."

சரி என்று தலையாட்டினேன்.

நீங்கள் போன அன்று நான் வந்து இறங்கியபோது, உங்கள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டிருந்தது. அதே வெள்ளைச் சட்டை. வீட்டுக்குள்ளே, சீரியல் முடிந்தபோது கம்பெனிக்காரர்கள் கொடுத்தனுப்பிய அதே படம், அதே மாலையோடு, உங்கள் தலைமாட்டில். உங்கள் மகனிடம் சண்டைக்குப் போனேன். அவன் அழுதுகொண்டே பீரோவில் இருந்த படங்களை எல்லாம் என் முன்னால் கொட்டினான்.

"நீங்களே பாருங்க அத்த. ராஜா, போலீசு, பூசாரி, மருத்துவச்சி. எங்கப்பா எங்க கீறாரு இதுல?"

உண்மைதான். நீங்கள் நீங்களாக இருந்த படம் அந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை.

என்னிடம் ஒன்று இருந்தது, உங்களுக்குத் தலையாட்டியதை நினைத்துக் கையோடு கொண்டுவந்திருந்தேன். அந்த சீரியலில் உங்களைப் பிணமாகக் கிடத்திய நாளில் எடுத்தது. தங்கையாக ஒப்பாரி வைத்தவள் நான். அன்று காலை யூனிட்டில் உங்களுக்குக் காபி வரவில்லை என்று புலம்பியிருந்தீர்கள். நான் மாரில் அடித்துக்கொண்டு, "ஒரு வாய் காப்பி கூட குடிக்காம போயிட்டியேண்ணா" என்று சேர்த்துவிட்டேன். மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தீர்கள், பாவம். பிணமாகப் படுத்தவர் எழுந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும், அப்போதுதான் தோஷம் விலகும் என்பது ஷூட்டிங் வழக்கமாயிற்றே. "ஷாட் ஓகே, சிரிச்சிடுங்க சார்" என்று உதவி இயக்குநர் சொன்னதும் எழுந்து உட்கார்ந்து சிரித்தீர்களே, அதுதான் அந்தப் படம். நெற்றியில் காசு, மூக்கில் பஞ்சு, வாயெல்லாம் பல்.

அதைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். "பஞ்சோடவா? பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க அத்த?" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. வந்தவர்கள் எல்லாரும் அந்த வெள்ளைச் சட்டைக்குத்தான் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

நான் மட்டும் உங்கள் காதோரம் குனிந்தேன். நெற்றியில் காசும் மூக்கில் பஞ்சும் அன்று போலவே இருந்தன. "ஷாட் ஓகேண்ணா, சிரிச்சிடுங்க" என்றேன். நீங்கள் எழுந்திருக்கவில்லை.

போன வாரம் உங்கள் மகன் போன் செய்தான். வருஷத் திதி வருகிறது. "தெனம் அந்தப் படத்துக்கு வெளக்கு ஏத்தறேன் அத்த. யாரோ ஒருத்தருக்கு ஏத்தற மாதிரியே கீது. அன்னிக்கி ஒரு படம் காட்டினீங்களே, அது இருக்குதா?"

டாக்டரிடமிருந்து நேரே பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஃப்ரேம் கடைக்குத்தான் போனேன். கடைக்காரப் பையன் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"மூக்குல இன்னாம்மா பஞ்சு? அழிச்சிடவா? ஒரு நிமிசம்தான்."

"இருக்கட்டும்பா. அதோடதான் சிரிச்சாரு."

"சரிம்மா. சந்தன மாலை போட்டே குடுத்துடவா?"

"மாலை வேணாம்," என்றேன். "அவரு எழுந்துட்டாரு."