பறவை எண்ணப் போகிறேன்

செல்வமலர்,

கோழிக்கறி அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடும். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறேன்.

பேத்தி துஷியின் பள்ளிக்கூட நிதிக்காக அவளோடு பறவை எண்ணப் போவதற்கு, ஒரு மாதமாக இங்கிலீஷ் பெயர்களைப் பாடமாக்கினேன். நீர் கோயிலுக்குப் போன பிறகு, யார் கூட வருகிறார் என்று எழுதும் படிவத்தைக் கேட்டுத் துஷி போன் எடுத்தாள். "உங்களுக்குக் கண் தெரியாதாம் தாத்தா, அம்மம்மா சொன்னவ. அப்பப்பாதான் என்னோட வாறார்" என்றாள்.

முப்பத்தாறு வருடம் கூட இருந்த நீர், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?

படிவம் சீனி போடும் தகரப் பேணிக்குப் பின்னால் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, மிச்சம் என்கிற இந்த ஊர்க் குளத்தடிக்கு நானே போகிறேன். யார் மறிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

பி.கு.: அதில் என் பெயரை வெட்டிச் சம்பந்தியின் பெயரை எழுதியது உமது கைதான். கண்ணாடி போடாமலே தெரிந்தது.