அப்பாவின் கால் அளவு

செட்டிபாளையம்
1997 ஆனி 17

அன்பு மகன் யோகராசாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பேத்தியும் சுவிஸ் குளிருக்குள் சுகமாக இருக்க அம்மாளைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுத மனம் வரவில்லை, கோபம்தான் வருகிறது. முதல் கோபம் உன்னில். நீ அனுப்பின கறுப்புச் சப்பாத்து, மூக்குக் கூராக, துரைமார் போடுகிற மாதிரி. சீனி வருத்தக்கார அப்பாவுக்கு அதையா அனுப்புவது மனே? சித்திரையில் வவுணதீவுக் கலியாணத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நின்றார், ஆமிக்காரன் மறிக்கிற சென்றியில் இறங்கி நடந்ததும் அதோடுதான். வீட்டில் கழற்றினால் உள்ளே காலில் போட்ட மேஸ் இரத்தத்தில் ஊறியிருக்கிறது, மனிசன் எனக்கு ஒண்டும் நோகல்லியே புள்ள என்று சிரிக்கிறார். நோகாததுதான் வருத்தம் என்று அப்போது எனக்கும் தெரியாது.

அடுத்தது உன் பெரியப்பா சாமித்தம்பி. சூறாவளியில் பறந்துபோய் அவர் வளவில் விழுந்த எங்கள் கூரைத் தகரத்தைப் பத்தொன்பது வருசமாக ஆட்டுக்கொட்டிலுக்குப் போட்டுக்கொண்டு, இது உங்கட இல்லை என்கிற அதே மனிசன். ஆஸ்பத்திரி வேணாம் என்று இலை அரைத்துக் கட்டினார். பதினொரு நாளில் புண் கறுத்து மணத்தது. நான் சண்டை பிடித்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே நடந்த ஒன்றை உனக்கு எழுதக் கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கியிருக்கிறார், அது நிற்கட்டும். நர்ஸ் பிள்ளை ஞானமலர் எனக்குப் படிப்பித்துவிட்டாள். உள்ளங்காலைத் தினமும் பார்க்க வேண்டும், விரல் இடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது, வளவுக்குள்ளும் வெறுங்கால் கூடாது, செருப்புக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்துத்தான் போட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் முந்தநாள் சாமித்தம்பி வந்து, வாற வெள்ளி தீமிதிப்பு, தம்பிதான் முதல் இறங்கணும் என்கிறார். போன வருசம் தம்பிக்குச் சூடே தெரியல்ல, அம்மாள் அவன்ட காலில நிக்கிறா என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர். அப்பாவும் பெருமையில் ஓம் அண்ணன் என்கிறார். எனக்கு உச்சி கொதித்தது. அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, கோழிச்சிறகு ஒன்றைப் பெரியப்பாவின் கையில் கொடுத்து, தொடுங்க அத்தான், எங்க தொடுறீங்க என்று அவர் சொல்லட்டும் என்றேன். பெருவிரல், குதி, உள்ளங்கால் எல்லாம் தடவினார். கடைசியில் நகத்தாலும் அழுத்தினார். அப்பா கண்ணை மூடியபடி, என்ன அண்ணன், தொடங்குங்களன் என்கிறார். இதுதானா அம்மாள்ட அருள், உங்கட புளுகுக்கு அம்மாளை இழுக்காதீங்க என்று கேட்டேன். ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் குடியாமல் போய்விட்டார். அப்பா தானாகவே காலைத் தூக்கி என் மடியில் வைத்தார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவோம், கும்பிட மட்டும்தான்.

இதோடு அப்பாவின் கால் அளவு. கால் வீங்குகிற பின்னேரத்தில் கடதாசியில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கீறினேன். முன்பக்கம் அகலமாக, உள்ளே மெத்தென்று, வார் கட்டுகிறதாக வாங்கு, அழகு பார்க்காதே. நீயும் சீனி சோதித்துப் பார். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீடு வாழ அம்மாள் துணை நிற்பா. ஒன்றை மறந்துவிடாதே, இடது காலில் சின்ன விரல் இருக்கிற பக்கம் கோடு உள்ளுக்குப் போயிருக்கிறது, பென்சில் தவறிவிட்டது என்று நினைத்து நேராக்கிவிடாதே. எழுதக் கூடாது என்றுதான் அப்பா சத்தியம் வாங்கினார், கீறக் கூடாது என்று சொல்லவில்லை.

இப்படிக்கு
உன்னைப் பெற்ற அம்மா
அன்னப்பூரணி